ஏட்டிக்குப் போட்டியாகத் தங்கை, இடையில் பட்டினி கிடந்த முயல்கள்

கேள்வி: எனக்கு 13 வயது, தங்கைக்கு 10. வீட்டில் இரண்டு முயல்களும் ஒரு பூனையும் வளர்க்கிறோம். நான் மணி கோத்து பிரேஸ்லெட் செய்து, தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். ஆர்டர்கள் அம்மாவின் கைபேசிக்கு வரும். இப்போது 15 ஆர்டர்கள் பாக்கி. பள்ளிப் பாடமும் தேங்கி நிற்கிறது. முயல்களைப் பார்த்துக்கொள்ளத் தங்கைக்கு வாரந்தோறும் காசு கொடுத்துவந்தேன். அவளோ என் பெட்டியிலிருந்து மணிகளை எடுத்து, நான் செய்கிற மாதிரியே செய்து, என்னிடம் வாங்குகிறவர்களிடமே பாதி விலைக்கு விற்றுவிட்டாள். சண்டை வந்தது. காசை நிறுத்தினேன். அவள் முயல் வேலையை நிறுத்தினாள். போன வாரம் ஒருநாள் அவள் புல் போட்டிருப்பாள் என்று நானும், நான் போட்டிருப்பேன் என்று அவளும் நினைத்துக்கொண்டோம். காலையிலிருந்து மாலை வரை முயல்களுக்கு ஒன்றுமே இல்லை. "பெரியவள் நீதானே, அவளையும் கூட்டாகச் சேர்த்துக்கொள்" என்கிறார் அம்மா. "முயல் குட்டி போட்டால் அதை அவள் விற்கட்டும், ஆளுக்கொரு வியாபாரம்" என்கிறார் அப்பா. எப்போதும் என் மடியில் படுக்கும் பூனையைத் தங்கை இப்போது தன் அறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். வியாபாரத்தை மூடிவிடட்டுமா?

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது. பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் வெளியிடவில்லை.)

பதில்:

அன்பு மகளே,

உன் முழுக் கடிதத்தில் தங்கையின் வியாபாரத்துக்கு ஒரு பக்கத்துக்கு மேல் ஒதுக்கியிருந்தாய். முயல்கள் பட்டினி கிடந்ததற்கு மூன்றே வரி. நான் அந்த மூன்று வரியிலிருந்து தொடங்குகிறேன். உன்னைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பதற்காக அல்ல. உன் வாடிக்கையாளர்கள் ஒரு வாரம் பொறுப்பார்கள். தங்கையுடன் பேச வேண்டியதை நாளைக்குக்கூடப் பேசலாம். முயலின் வயிறு அப்படிக் காத்திருக்காது.

முயலின் குடல் ஓயாமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகத்தான் அது நாள் முழுக்கக் காய்ந்த புல்லை மென்றுகொண்டிருக்கிறது. பல மணி நேரம் இரை போகாவிட்டால் குடல் மந்தமாகி, வாயு சேர்ந்து, வலி வரும். வலி வந்தால் முயல் தின்னாது. தின்னாவிட்டால் குடல் இன்னும் மந்தமாகும். 12 மணி நேரம் ஒரு முயல் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசர நிலை. விடியட்டும் என்று பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். உன் முயல்கள் அன்று மாலையே தின்னத் தொடங்கிவிட்டன என்று எழுதியிருக்கிறாய். தப்பித்தன.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. முயல், பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. உடம்புக்கு முடியவில்லை என்று வெளியே காட்டிக்கொள்ளாமல் இருப்பது அதன் இயல்பு. உங்கள் பூனைக்குப் பசித்தால் காலைச் சுற்றிச் சுற்றி வந்து வீட்டையே இரண்டாக்கிவிடும். முயல் ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். நீங்கள் இருவரும் இத்தனை சண்டை போட்டும் பூனையின் தட்டு ஒருநாளும் காலியாக இருந்ததில்லை அல்லவா? சத்தம் போடுகிறவர்களுக்குத்தான் முதல் கவனிப்பு. வீடுகளில் பிள்ளைகள் விஷயத்திலும் இதுதான் நடக்கிறது; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"அவள் போட்டிருப்பாள்" என்று நீ நினைத்ததில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஒரு வேலைக்கு இரண்டு பேர் பொறுப்பு என்றால் பல நாள்களில் அது யாருடைய பொறுப்பாகவும் இருப்பதில்லை. பெரியவர்கள் வேலை பார்க்கும் இடங்களிலும் இதே கதைதான். ஆகவே, முயல் வேலையை இருவருமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு இனி வேண்டாம். காலை வேளை முழுவதும் உன்னுடையது. மாலை வேளை முழுவதும் அவளுடையது. கூண்டின் மேல் ஒரு தாளும் பென்சிலும் கட்டித் தொங்கவிடு. புல் போட்டதும், தண்ணீர் மாற்றியதும், புழுக்கையைப் பார்த்ததும் நேரத்தோடு எழுத வேண்டும். புழுக்கையைப் பார்ப்பது அருவருப்பான வேலையாகத் தோன்றலாம். ஆனால் பேசாத முயல் உனக்கு எழுதி வைத்துவிட்டுப் போகும் கடிதம் அதுதான். உருண்டையாக, ஏறக்குறைய ஒரே அளவில், நிறைய இருந்தால் நல்லது. சிறுத்தோ கோணலாகவோ இருந்தால், அல்லது திடீரென்று குறைந்துபோனால், உடனே அம்மாவையோ அப்பாவையோ கூப்பிடு. ராத்திரி படுக்கப்போகுமுன் பெரியவர் ஒருவர் அந்தத் தாளையும் கூண்டையும் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். பிராணிகளுக்குக் கடைசிப் பொறுப்பு 13 வயதுப் பிள்ளையுடையதோ 10 வயதுப் பிள்ளையுடையதோ அல்ல.

இனி நீ கொடுத்த காசு. "காசு கொடுத்தபோது நன்றாகச் செய்தாள், நிறுத்தியதும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அவளுக்கு முயல் மேல் பாசமே கிடையாது" என்று எழுதியிருக்கிறாய். இதை நான் ஏற்கவில்லை. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்கெட்ச் பேனாவில் படம் வரைவதில் தானாகவே ஆசை உள்ள சின்னக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம் "வரைந்தால் பரிசு உண்டு" என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் கொடுத்தார்கள். சிலருக்கு முன்பே சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். சிலருக்குப் பரிசே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள்தாம் மற்றவர்களைவிடக் குறைவான நேரம் வரைந்தார்கள். ஆசையாகச் செய்த காரியம் கூலி வேலையாக மாறிவிட்டது.

உன் தங்கைக்கும் ஏறக்குறைய இதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நீ காசு கொடுக்கத் தொடங்குவதற்கு முன் முயல்களுக்குப் பெயர் வைத்தது யார்? அவள்தான் என்று உன் கடிதத்திலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் அவளுடையவையாக இருந்த முயல்கள், காசு வந்த பிறகு அக்காவின் முயல்கள் ஆகிவிட்டன; அவள் சம்பளத்துக்கு வந்த ஆளாகிவிட்டாள். சம்பளத்தை நிறுத்தியதும் ஆள் நின்றுவிட்டாள். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? மறுபடியும் காசு கொடுக்காதே. கொடுத்த காசைச் சொல்லிக் காட்டவும் செய்யாதே.

அடுத்தது பாதி விலை விவகாரம். உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு வேறு வேறு விஷயங்களை நீ ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறாய். கேட்காமல் உன் பெட்டியிலிருந்து மணிகளை எடுத்தது தவறு. எடுத்த மணிகளுக்கு ஈடாக மணிகளோ, விற்ற காசில் ஒரு பங்கோ அவள் திருப்பித் தர வேண்டும். இதை அம்மா முன்னிலையில், குரலை உயர்த்தாமல், ஒரே ஒருமுறை கேள். உன்னைப் பார்த்து அவளும் பிரேஸ்லெட் செய்தது வேறு விஷயம். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அது திருட்டு ஆகாது. அந்தப் பின்னலை நீயும் எங்கோ யாரையோ பார்த்துத்தானே கற்றுக்கொண்டாய்?

பாதி விலைக்கு அவளால் எப்படி விற்க முடிந்தது என்று யோசித்தாயா? மணி உன்னுடையது, நூலும் உன்னுடையது. அவளுக்கு அடக்கவிலை என்று எதுவுமே இல்லை. என்ன விலைக்கு விற்றாலும் லாபம். சொந்தக் காசில் மணி வாங்கி விற்கத் தொடங்கினால் அந்த விலையில் அவளால் ஓட்ட முடியாது. ஆகவே போட்டிக்கு நீயும் விலையைக் குறைக்காதே. பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கு.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பதற்கு உன் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது. "வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் என் பிரேஸ்லெட்டைப் பற்றித்தான் கேட்பார்கள்." அந்த நேரத்தில் அவள் எங்கே நிற்பாள்? பெரும்பாலும் அதே அறையில்தான் நின்றிருப்பாள். அக்கா கெட்டிக்காரி என்று வருகிறவர்கள் சொல்லும்போது, மற்றவள் யார் என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லுவதில்லை. 10 வயதுப் பிள்ளை அந்தப் பதிலைத் தானே தேடும்போது, கைக்கு எட்டிய முதல் பொருளை எடுக்கும். அது உன் மணிப்பெட்டியாக இருந்தது. இப்போது பூனையாக இருக்கிறது. அவளை நியாயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அவளுடைய குறி உன் வாடிக்கையாளர்கள் அல்ல என்பது தெரிந்தால், நீ பதிலடி கொடுக்கும் விதம் மாறும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவள் நன்றாகப் படம் வரைவாள் என்று எழுதியிருக்கிறாய். "பிரேஸ்லெட்டோடு வைக்கும் அட்டைக்கு அவளைப் படம் வரையச் சொல்" என்று உனக்கு நிறையப் பேர் யோசனை சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன், இப்போதைக்கு. அப்படிச் செய்தால் முயல் வேலைக்கு வைத்த ஆளை அட்டை வேலைக்கு மாற்றியதாகத்தான் ஆகும். அவளாக வந்து "நான் வரைந்து தரட்டுமா?" என்று கேட்டால் அப்போது பேசிக்கொள்ளலாம். இப்போது நீ சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "என் மணியை எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிடு. நீ செய்வதை உன் சொந்த மணியில் செய், நான் தடுக்கமாட்டேன். முயலுக்கு நான் காசு கொடுத்தது சரியில்லை, அவை உன்னுடையவையும்தான். மாலையில் நீ பார்த்துக்கொள்." முயல்கள் அவளுடையவையும்தான் என்பதைச் சொல்ல உனக்கு மனம் வராது. ஆனால் அதைத்தான் அவள் கேட்க வேண்டும்.

இந்தப் பகுதி அம்மா அப்பாவுக்கு. நீயே அவர்களிடம் காட்டு.

ஐயா, அம்மா, கூட்டு வியாபாரம் வேண்டாம். சண்டையில் இருக்கும் இரண்டு பிள்ளைகளை ஒரே கணக்கில் கட்டிப்போட்டால் சண்டைக்குக் கூடுதலாக ஒரு காரணம் கிடைக்குமே தவிர, பாசம் வளராது. மூத்தவள் தன் கையால் உண்டாக்கிய ஒன்றைப் "பெரியவள்தானே" என்ற ஒரே காரணத்துக்காகப் பங்கு போடச் சொல்லாதீர்கள். அவள் விட்டுக்கொடுப்பாள், ஆனால் அதை மறக்கமாட்டாள். உடன்பிறந்த குழந்தைகளை அவர்களுடைய வீடுகளிலேயே கவனித்து ஆராய்ந்தவர் பிரிட்டிஷ் உளவியலாளர் ஜூடி டன். தாய் மற்ற குழந்தையிடம் எப்படிப் பேசுகிறாள், எப்படி நடந்துகொள்கிறாள் என்பதை மிகச் சிறிய பிள்ளைகள்கூட விடாமல் கண்காணிக்கிறார்கள் என்பது அவருடைய முக்கியமான கண்டறிதல்களில் ஒன்று. உங்கள் வீட்டில் 10 வயதுக்காரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். விருந்தினர் முன்னால் மூத்தவளின் கைவேலையைக் காட்டினால், இளையவளைப் பற்றியும் உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள். ஆறுதலுக்காகச் சொல்லும் பொய்யைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள். சத்தம் போடுகிறவர்களுக்கு முதல் கவனிப்பு என்று மேலே சொன்னேன். இளையவள் கதவைச் சாத்துகிறாள், உடனே நீங்கள் போகிறீர்கள். மூத்தவள் சத்தமில்லாமல் 15 ஆர்டர்களோடு ராத்திரி விழித்திருக்கிறாள். அவளிடம் யார் போனது?

முயல் குட்டி விற்கும் யோசனையைத் தயவுசெய்து இன்றே கைவிடுங்கள். முயலுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய ஒரு மாதம்தான். குட்டி போட்ட அன்றே மறுபடியும் சினைப்பிடிக்க முடியும். ஒன்றிரண்டு குட்டிகளோடு நிற்கிற கணக்கும் அல்ல. இரண்டு முயல்களுக்கே புல் போட ஆள் தகராறு நடக்கும் வீட்டில் கூட்டம் பெருகினால் என்ன ஆகும்? மருத்துவரிடம் காட்டி இரண்டும் ஆணா, பெண்ணா என்று உறுதிசெய்து, கருத்தடை அறுவைசிகிச்சை பற்றிக் கேளுங்கள். வீட்டில் பார்த்துவிட்டுப் பெண் என்று முடிவுசெய்த முயல் ஆணாக இருப்பது அப்படி ஒன்றும் அபூர்வமல்ல. பூனையையும் முயல்களையும் ஆள் இல்லாமல் ஒரே அறையில் விடவும் வேண்டாம். பூனையின் நகக்கீறல் சிறியதாக இருந்தாலும், அதன் வழியே போகும் கிருமி முயலுக்கு ஆபத்து.

மறுபடியும் உன்னிடம் வருகிறேன். வியாபாரத்தை மூடிவிடட்டுமா என்று கேட்டாய். வேண்டாம், அளவைக் குறை. கணக்குப் பார்ப்போம். ஒரு பிரேஸ்லெட்டுக்கு 40 நிமிடம் என்று சொல்லியிருக்கிறாய். 15 என்றால் 600 நிமிடம், அதாவது 10 மணி நேரம். நீ இதை மூன்று ராத்திரிகளில் முடிக்கப் பார்த்தாய். பாடம் தேங்காமல் என்ன செய்யும்? பள்ளி நாளில் ஒன்று, விடுமுறை நாளில் இரண்டு என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 9 ஆகும். இரண்டாவது வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். வாடிக்கையாளர்களுக்கு அம்மாவின் கைபேசியிலிருந்தே செய்தி அனுப்பு: "பள்ளிப் பாடம் இருப்பதால் தாமதமாகிறது. இரண்டு வாரத்துக்குள் கொடுத்துவிடுவேன். அவசரம் என்றால் சொல்லுங்கள், முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன்." ஓரிருவர் வேண்டாம் என்பார்கள். போகட்டும். அதற்குப் பிறகு ஒரே சமயத்தில் கையில் ஆறு ஆர்டருக்கு மேல் வைத்துக்கொள்ளாதே. ஏழாவது ஆளுக்குக் காத்திருப்புப் பட்டியல். இந்த 15 முடிந்ததும், வாரத்தில் ஒருநாள் மணிப்பெட்டியைத் திறக்கவே கூடாது. எந்த நாள் என்பதை நீயே முடிவுசெய்துகொள். பணமும் பேச்சும் அம்மா வழியாகவே நடப்பது நல்ல ஏற்பாடு. அதை மாற்றாதே.

கடைசியாக, நீ கேட்காத ஒன்று. உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அதிகம் பயம் தந்தது இதுதான். நீ எலாஸ்டிக் நூலில் மணி கோக்கிறாய், பூனை மடியில் படுத்திருக்கிறது. தங்கையும் பிரேஸ்லெட் செய்கிறாள், பூனையை அதே அறையில் வைத்துக் கதவைச் சாத்துகிறாள். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் பின்பக்கம் சாய்ந்திருக்கும். நூல் ஒருமுறை வாய்க்குள் போனால் துப்புவது அதற்குக் கடினம், விழுங்கிவிடும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் இறங்கினால், தையல் நூலை இழுத்தால் துணி கொசகொசவென்று சுருங்குவதுபோல் குடல் சுருங்கிவிடும். குடல் கிழியவும் கூடும்; பெரும்பாலும் அறுவைசிகிச்சை வரை போகும். பூனை வாந்தி எடுத்தால், தின்னாமல் ஒளிந்துகொண்டால், நூல் காணாமல் போயிருக்கிறதா என்று பார். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்காதே, வெட்டாதே. அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போகச் சொல்.

ஆகவே, மணி வேலை நடக்கும்போது பூனை வெளியே. உன் அறையிலும் அப்படித்தான், அவள் அறையிலும் அப்படித்தான். வெட்டிய நூல் துண்டுகளைத் தரையில் தள்ளாமல் மூடி போட்ட டப்பாவில் போடு. வேலை முடிந்ததும் தரையை ஒருமுறை கூட்டு. இதைத் தங்கையிடம் நீயே இன்றைக்குச் சொல். பூனை யாருடையது என்ற வழக்கை அப்போது எடுக்காதே. நூலைப் பற்றி மட்டும் பேசு. "என் பூனையை விடு" என்று நீ தட்டினால் அவள் கதவைத் திறக்கமாட்டாள். பூனைக்கு ஆபத்து என்று சொன்னால் திறப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.